பத்தடி தள்ளி வைக்கச் சொன்னேன்

தணிகைவேலுக்கு உன் நைனா எழுதுவது. அன்பையும் ஆசியையும் கடைசியில் வைத்துக்கொள்கிறேன், முதலில் கோபத்தைக் கொட்டிவிடுகிறேன். நேற்று மத்தியானம் போனில் நீ பேச வேண்டியதைப் பேசிவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிட்டாய். "நைனா, உனக்கு இன்னாத்துக்கு இந்த வேல? கோயில நவுத்தணும்னு எழுதிக் குடுத்தா மாமா எப்பிடி சும்மா இருப்பாரு? கல்யாணம் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றாய். அப்புறம் பாத்துக்கலாம் என்பதை உன்னைவிட அதிக தடவை சொன்னவன் நான். அதைச் சொல்லிச் சொல்லித்தான் கன்னியம்மாவைச் சாகக் கொடுத்தோம். அதனால் இதைப் போனில் பேச எனக்கு இஷ்டமில்லை. எழுதுகிறேன். ஒரு நகலை நம் வளைவில் இருக்கும் டீக்கடைச் சுவரில் ஒட்டப்போகிறேன். இன்னொன்றை உனக்கு மாமனாராக வரப்போகிறவர் கையில் நானே கொடுக்கப்போகிறேன். கோயில் கமிட்டித் தலைவர் அவர்தான், அவருக்குப் பின்னால் பேசினேன் என்று இருக்கக் கூடாது.

நீ சென்னைக்குப் போய் எட்டு வருஷம் ஆகிவிட்டது. விசேஷத்துக்கு வருகிறாய், காரில் வருகிறாய், காரிலேயே போகிறாய். அதனால் நம் தெரு கே.ஜி.கண்டிகை சாலையைத் தொடுகிற அந்த வளைவு இப்போது எப்படி இருக்கிறது என்று உனக்குத் தெரியாது, தெரியும் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். சாலையை அகலமாக்கியபோது நாமெல்லாம் சந்தோஷப்பட்டோம். நூல் மூட்டை வண்டி தறிக்கொட்டகை வாசலுக்கே வருகிறது என்று நான் எல்லோரிடமும் பெருமையடித்தேன். அகலமாக்கி முடித்ததும் நடக்கிறவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் மிஞ்சியது தாருக்கும் கால்வாய்க்கும் நடுவில் நாலடி மண். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள், தறி வேலைக்கு வருகிறவர்கள், பள்ளிப்பட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்கள் எல்லோரும் அந்த நாலடியில்தான். அந்தப் பக்கம் ஜல்லி ஏற்றின டிப்பர் லாரிகள் நிற்காமல் போகும். முதலில் ஒரு கன்றுக்குட்டி அடிபட்டது, நாம் உச்சுக்கொட்டினோம். பிறகு பால் வாங்கப் போன ஒரு பெரியவர். பிறகு நம் தெருவிலேயே பைக்கில் வந்த ஒரு பையன். அதற்குப் பிறகுதான் தெருக்காரர்கள் கூடினோம், நம் தறிக்கொட்டகையில், தறிகளை நிறுத்திவிட்டு.

அந்தக் கூட்டத்தைப் பற்றி உனக்கு நான் பெருமையாகத்தான் சொல்லியிருப்பேன். நடந்தது வேறு. புத்தூர்ப் பக்கத்திலிருந்து குறி சொல்கிறவர் ஒருவரை உன் மாமனார் அழைத்துவந்திருந்தார். அந்த இடம் காவு கேட்கிறது, எல்லையம்மனை உட்கார வைத்தால் அடங்கும் என்று அவர் சொன்னார். எல்லோரும் தலையாட்டினோம். அப்போது கதவோரம் நின்றிருந்த கன்னியம்மாதான் வாயைத் திறந்தாள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள், பிள்ளைகளுக்கெல்லாம் ஆயாம்மா. தினமும் அந்த வளைவில் சைக்கிளில் போய்வருகிறவள் அந்தக் கூட்டத்தில் அவள் ஒருத்திதான். "சாமி வெக்கறது உங்க இஷ்டம்ணா. எங்களுக்கு நடக்க எடம் உடுங்க. ரோட்டுல ஒரு மேடு போடச் சொல்லி எழுதிப் போடுங்க, கால்வாய்க்கு மூடி கேளுங்க" என்றாள். அப்புறம் ஒரு குரல், "ஆயாம்மா ரோடு இஞ்சினியர் ஆயிட்டாங்க டோய்" என்றது. கொட்டகையே சிரித்தது. அந்தக் குரல் என்னுடையது, தணிகா. அவளும் சிரித்துவிட்டு, அடுப்பு பற்றவைக்க நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

இன்னொன்றையும் உன்னிடம் மறைத்திருக்கிறேன். சாலையோரத்தில் வைக்க வேண்டாம், கால்வாய்க்கு இந்தப் பக்கம் உங்கள் கொட்டகைக்கு முன்னால் பத்தடி சும்மாதானே கிடக்கிறது, அதில் அம்மனை வைக்கலாமே என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. நான் முடியாது என்றேன். அது என் பிள்ளைக்கு இரண்டு கடை கட்ட வைத்திருக்கிற இடம் என்றேன். அப்படியானால் யாருடைய இடமும் இல்லாத இடத்தில் வைப்போம் என்று அந்த நாலடி மண்ணைக் காட்டினார்கள். யாருடைய இடமும் இல்லையாம். அத்தனை பேர் தினமும் மிதிக்கிற இடம், யாருடையதும் இல்லை என்று ஆகிவிட்டது. உனக்காகத்தான் செய்தேன் என்று இத்தனை நாள் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ அந்தப் பத்தடியைக் கேட்டதே இல்லை. நேற்றுதான் முதல்முறையாக, "அது எனக்குன்னு வெச்ச எடந்தான நைனா" என்றாய்.

கன்னியம்மா உனக்கு யார் என்று மறந்துபோயிருந்தால் உன் வலது கையைத் திருப்பிப் பார். நடுவிரல் நகம் கோணலாக வளர்ந்திருக்கும். உனக்கு ஐந்து வயதிருக்கும்போது ஓடுகிற தறியின் பல்சக்கரத்தில் கையை விட்டாய். உங்கம்மா ரத்தத்தைப் பார்த்து மயங்கி உட்கார்ந்துவிட்டாள், நான் நூல் வாங்கக் கனகம்மாசத்திரம் பக்கம் போயிருந்தேன். தெருவில் ஆண்கள் இருந்தார்கள், வண்டி தேடிக்கொண்டிருந்தார்கள். கன்னியம்மா யாரையும் கேட்கவில்லை. உன்னைக் கேரியரில் உட்காரவைத்து, துண்டால் தன் முதுகோடு சேர்த்துக் கட்டி, ஊருக்குள் இருக்கிற ஆஸ்பத்திரி வரைக்கும் மிதித்தாள். போகிற வழியெல்லாம் நீ தூங்கிவிடாமல் இருக்க, முருகன் மலைப்படிகளை ஒவ்வொன்றாக ஏறுவதுபோல் எண்ணச் சொன்னாளாம். விரலை எடுக்காமல் தைத்துவிட்டார்கள். அந்தக் கையால்தான் நீ தாலி கட்டப் போகிறாய். கல்யாணப் பத்திரிகை வைக்க வேண்டியவர்கள் பட்டியலை நீ அனுப்பியபோது அவள் புருஷன் பெயர் அதில் இல்லை. உங்கம்மாதான் சேர்த்தாள்.

சரி, கோயில் வந்தது. சிமெண்டு மேடை, தகரக் கூரை, சுற்றிலும் இரும்புக் கம்பி, முன்னால் சூலம். நாலடியில் மூன்றடியை அம்மன் எடுத்துக்கொண்டாள் என்று சொன்னால் அது அபாண்டம், எடுத்தது நாங்கள். கம்பிக்கும் தாருக்கும் நடுவில் ஓரடி மண் மிச்சம். சைக்கிளில் வருகிறவர்கள் இறங்கி, உடம்பைக் குறுக்கி, கம்பியை உரசிக்கொண்டு தள்ளிப் போவார்கள். வண்டிகள் மெதுவாகப் போகும் என்று நினைத்தோம். ஒன்றும் மெதுவாகவில்லை. வருகிற வேகத்திலேயே டிரைவர்கள் ஸ்டியரிங்கில் இருந்து ஒரு கையை எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள். அதைப் பார்த்து நாங்கள் சந்தோஷப்பட்டோம். எவ்வளவு பக்தி என்று நானே உன் மாமனாரிடம் சொன்னேன். ஒரு கையால் டிப்பரை ஓட்டுகிறானே என்று எங்கள் ஒருவருக்கும் உறைக்கவில்லை. வருஷம் முழுக்க இரைகிற தறியில் எனக்குக் காதுதான் மந்தம், கண் நன்றாகத்தான் இருந்தது.

இனிமேல் எழுதப்போவதை உங்கம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை. வெள்ளிக்கிழமை காலை, ஏழரை மணி. அபிஷேகம் முடிந்து நான்தான் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தேன். கம்பிக்கு வெளியே அந்த ஓரடியில் என்னைச் சுற்றிப் பெண்கள் தட்டோடு நின்றிருந்தார்கள், பூக்கூடை, தேங்காய், செருப்பு எல்லாம் அங்கேயேதான். கன்னியம்மா வந்தாள். சைக்கிளை விட்டு இறங்கி நின்று மணி அடித்தாள். யாரும் நகரவில்லை. இன்னொரு தடவை அடித்தாள். பிள்ளைகளுக்குச் சோறாக்கப் போகிறவள், நேரமாகிவிட்டது. நான் திரும்பிப் பார்த்தேன். சாமி காரியத்தில் இருக்கும்போது மணி அடிக்கிறாளே என்று எனக்கு எரிச்சல். ஒரு கையில் தட்டு, இன்னொரு கையை வீசி, சுத்திக்கினு போம்மா என்று காட்டினேன். அவ்வளவுதான். அவள் தலையை ஆட்டிவிட்டு, சைக்கிளைத் தார் மேலே ஏற்றினாள். தட்டில் கற்பூரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

லாரி நின்ற இடம் முப்பது அடி தாண்டி. டிரைவர் சின்ன வயசுக்காரன், உன்னைவிடச் சின்னவன். இறங்கி வந்து, அவளைப் பார்த்துவிட்டு, அப்படியே தாரில் உட்கார்ந்துவிட்டான். அவனை அடிக்கக் கூட்டம் சேர்ந்தது. அவன் தலையை மூடிக்கொள்ளவும் இல்லை. என்னைத்தான் பார்த்தான், தட்டு என் கையில் இருந்ததால் இருக்கலாம். "சாமி கும்புட்டுகினே வந்தேங்க. அந்தம்மா ஏறுனத பாக்கலங்க" என்றான். அவன் சொன்னதில் பொய் இல்லை. அவனை ஜெயிலில் வைக்கட்டும், வண்டியைப் பிடித்துவைக்கட்டும், அது சட்டத்தின் வேலை. ஆனால் அவன் கண்ணை அந்தப் பக்கம் திருப்பியது நாங்கள் வைத்த கோயில். அவளைத் தார்மேல் ஏற்றியது நான் காட்டிய கை. இதற்கு எந்தப் புத்தகத்தில் என்ன பிரிவு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் கமிட்டி கூடியது. மேடு போடச் சொல்லி எழுதுவார்கள், குறைந்தது அந்த இரும்புக் கம்பியையாவது எடுப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன். உன் மாமனார் எழுந்து நின்று, "அம்மாவ வெக்க வேணாம்னு மொத நாளே எதுத்து பேசுனவ. அம்மன் சும்மா உடுவாளா?" என்றார். அவள் வேண்டாம் என்று சொல்லவே இல்லை, நடக்க இடம் விடுங்கள் என்றுதான் சொன்னாள். அதைக் கேட்ட நாற்பது பேர் அங்கே இருந்தார்கள். நானும் இருந்தேன். உன் நிச்சயதார்த்தத்துக்குப் பத்து நாள் இருந்தது. வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். செத்தவள் மேல் பழியைப் போட்டுவிட்டுக் காப்பி குடித்தோம். உங்கம்மா அதற்குப் பிறகு அந்தக் கோயில் பக்கமே போவதில்லை. ரேஷன் கடைக்குக்கூட வரப்பு வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறாள், கால் வலியோடு.

நாலு மாதம் அப்படியே இருந்தேன். என்னை உசுப்பியது ஆடிக் கிருத்திகை. மூன்று நாள் காவடிக்காரர்கள் நடந்து வருவார்கள் அல்லவா, இந்த வருஷம் நம் வளைவிலும் ஏற்பாடு பலமாக இருந்தது. சாலையில் பாதியை மறித்துக் கயிறு கட்டினார்கள். லாரிகளை வேறு வழியில் திருப்பினார்கள். விளக்குப் போட்டார்கள். ஒவ்வொரு இருபது அடிக்கும் ஒரு ஆள் நின்று வண்டிகளை மெதுவாகப் போகச் சொன்னார். நாங்கள் மோர் ஊற்றினோம். குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு, பேசிக்கொண்டு, ஜனங்கள் நடுச்சாலையில் நிம்மதியாக நடந்தார்கள். ஒருவர் மேலும் ஒரு கீறல் இல்லை. மோர்ச் சொம்போடு நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நாலாம் நாள் காலையில் கயிற்றைச் சுருட்டி வண்டியில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். அன்றைக்கே பள்ளிக்கூடப் பிள்ளைகள் மறுபடியும் அந்தக் கம்பியை உரசிக்கொண்டு போனார்கள். முடியாது, பணமில்லை, சாலையின் அமைப்பு அப்படி என்று இத்தனை வருஷம் சொன்னதெல்லாம் பச்சைப் பொய் என்று அந்த மூன்று நாளில் எனக்குத் தெரிந்துவிட்டது. முருகனைப் பார்க்கப் போகிற காலுக்கு வழி விடத் தெரிகிறது. சோறாக்கப் போகிற கால் மட்டும் என்ன பாவம் செய்தது?

உன் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். போன பொங்கலுக்கு என்னையும் உங்கம்மாவையும் உன் புதுக் காரில் கூட்டிக்கொண்டு போனாய். மலையடிவாரத்தில் ஒரு அம்மா கூடையோடு நடந்துபோனாள். ஹாரனை விடாமல் அழுத்திவிட்டு, "ஓரமா போறாங்களா பாரு" என்றாய். ஓரம் எங்கே இருந்தது? ஒரு பக்கம் வேன்கள், ஒரு பக்கம் கடைக்காரன் சாமான். நான் முன்சீட்டில் பெல்ட் போட்டுக்கொண்டு, ஏசி காற்றில், ஆங் என்று தலையாட்டினேன். அதுவும் என் தப்புதான். கண்ணாடியை ஏற்றிவிட்டால் வெளியே நடக்கிற எல்லோரும் இடைஞ்சலாகத் தெரிகிறார்கள். நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணைப் பற்றி என்னென்னவோ விசாரித்தாய், ஜாதகம் பார்த்தோம், அவள் வேலைக்கு எப்படிப் போகிறாள் என்று கேட்டாயா? நான் கேட்டேன். பஸ்ஸில் இறங்கி ஒரு கிலோமீட்டர் நடக்கிறாள். இங்கே வந்து தங்குகிற நாட்களில் அவள் நடக்கப்போவது அதே ஓரடியில்தான். அவளுடைய அப்பாவுக்கு அது தெரியவில்லை. உனக்குத் தெரிய வேண்டாமா? குடும்பம் நடத்தப்போகிற உனக்கு நான் சொல்கிற புத்தி இது ஒன்றுதான்: வீட்டை விட்டு நடந்து போனவர்கள் நடந்து திரும்பி வர வேண்டும், அதற்கு என்ன வேண்டுமோ அதைக் கேட்டுச் சண்டை போடு.

இப்போது கும்பாபிஷேகம் என்கிறார்கள். முன்னால் மண்டபம் கட்டி, மிச்சமிருக்கிற ஓரடியையும் சேர்த்து, படிகளை நேராகத் தாரில் இறக்கப்போகிறார்கள். உன் மாப்பிள்ளை அழைப்பு அங்கிருந்துதான் புறப்பட வேண்டும் என்றும் முடிவு செய்திருக்கிறார்கள். அதனால்தான் ஆபீசில் மனு எழுதிக் கொடுத்தேன். அம்மனை இடிக்கச் சொல்லவில்லை. பத்தடி தள்ளி, கால்வாய்க்கு இந்தப் பக்கம், என் நிலத்தில் வைத்துக்கொள்ளுங்கள், நானே பத்திரம் எழுதித் தருகிறேன், அந்த நாலடியை நடக்கிறவர்களுக்குத் திருப்பிக் கொடுங்கள், மேடு போடுங்கள், கால்வாயை மூடுங்கள் என்று எழுதியிருக்கிறேன். கன்னியம்மா கேட்டதுதான், ஒரு வார்த்தை கூடுதலாக இல்லை. கையெழுத்துப் போட்டவன் இதுவரை நான் ஒருவன்தான். உனக்கென்று வைத்த இடம் போகிறது. கல்யாணம் நின்றுவிடும் என்று உன் மாமனார் சொன்னதாக நீ பயப்படுகிறாய். பெண்ணைக் கேள், அவள் சொல்லட்டும். நான் மனுவைத் திரும்ப வாங்க மாட்டேன்.

கன்னியம்மாவின் புருஷன் அவளுடைய சைக்கிளைப் பார்க்க முடியவில்லை என்று என்னிடம் கொடுத்துவிட்டான். முன் சக்கரத்தை மாற்றி, ஹாண்டிலை நிமிர்த்தி, கொட்டகையில் வைத்திருக்கிறேன். மணி அப்படியே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நீ வா. திங்கட்கிழமை லீவு போடு. காலை ஏழரை மணிக்கு அந்த சைக்கிளை எடுத்து, தெருவிலிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் ஓட்டிக் காட்டு, அப்புறம் மனுவைத் திரும்ப வாங்கச் சொல் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அந்த வரியை எழுத முடியவில்லை. மூன்று தடவை எழுதி அடித்துவிட்டேன். உன்னை அங்கே ஓட்டச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. அவளைப் போகச் சொல்லி ஒரு நொடியில் கையை வீசினவன், உனக்கு என்றதும் பேனா நகரவில்லை. இந்தக் கோபத்தில் பாதி என்மேல் என்று இப்போது புரிகிறதா?

அதனால் ஓட்ட வேண்டாம், தள்ளிக்கொண்டு வா. தார்ப் பக்கம் நான் நடக்கிறேன், நீ உள்பக்கம் வா. கோயில் வந்ததும் நான் கம்பியோரம் போய், அன்றைக்குத் தட்டோடு நின்ற அதே இடத்தில் நிற்கிறேன். நீ மணி அடி. ஒரு தடவை அடித்தால் போதும், நான் விலகிக்கொள்கிறேன்.

ஆசியோடு,
உன் நைனா